கேட்டைத் தாண்டி உள்ளே: பென்ஷன் வந்த படைவீரர்கள் நவீன உற்பத்தித் துறை வேலை பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் எந்தப் பெரிய ஃபேக்டரிக்குப் போனாலும் கேட்டில் ஒரு முன்னாள் படைவீரர் இருப்பார். உள்ளே மெஷின் ஓடுகிற இடத்தில் தேடினால் விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்களில் நானும் ஒன்று. ராணுவத்தில் வண்டி, கருவிகளைப் பழுது பார்க்கும் இஎம்இ பிரிவில் இருந்து பென்ஷன் வந்து, இப்போது ஒரு ஆலையில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன், ஆள் எடுக்கும் இன்டர்வியூவிலும் உட்காருகிறேன். ஊரிலும் போனிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். சிப்பாயிலிருந்து சுபேதார் வரையிலானவர்களையும், கடற்படை, விமானப்படையில் அதற்கு இணையான ரேங்குகளில் இருந்தவர்களையும் மனதில் வைத்து எழுதியது. அதிகாரிகளுக்கான வழி கொஞ்சம் வேறு.

பென்ஷன் வந்தால் செக்யூரிட்டி வேலைதான் என்கிறார்களே, ஃபேக்டரிக்குள்ளே எங்களை யார் எடுப்பார்கள்?

எடுப்பார்கள், ஆனால் அது தானாக நடக்காது. செக்யூரிட்டி வேலைக்கு வருடக்கணக்காகப் போட்டு வைத்த பாதை இருக்கிறது. டெல்லியில் உள்ள மறுவாழ்வு இயக்குநரகம், அதாவது நாம் டிஜிஆர் என்று சொல்வது, முன்னாள் வீரர்கள் நடத்தும் ஏஜென்சிகளைப் பட்டியலில் வைத்திருக்கிறது. இங்கே 1986-லிருந்து தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம், அதாவது டெக்ஸ்கோ இருக்கிறது. பேப்பரைக் கொடுத்தால் முறைப்படி ஒரு இடத்தில் போட்டுவிடுவார்கள். மெஷின் பக்கம் அப்படி ஒரு பாதையை யாரும் போடவில்லை. எச்ஆர் பையன் கம்ப்யூட்டரில் "ஐடிஐ ஃபிட்டர்", "டிப்ளமோ மெக்கானிக்கல்" என்று தேடுகிறான். உங்கள் டிஸ்சார்ஜ் புக்கில் அந்த வார்த்தைகளே இல்லை. டாங்கி எஞ்சினை இறக்கி ஏற்றிய ஆள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? உங்கள் கைவேலையில் குறை இல்லை, அதை எதிராளிக்குப் புரிகிற விதத்தில் பேப்பரில் கொண்டுவருவதில்தான் எல்லாம் தடுக்கிக்கொண்டு நிற்கிறது. கீழே எழுதியிருப்பதில் பாதி இதைப் பற்றித்தான்.

நவீன உற்பத்தித் துறை என்று எதைச் சொல்கிறீர்கள்? இங்கே எங்கே இருக்கிறது?

கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி மெஷின்கள், ரோபோ வெல்டிங், பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் வைத்துத் தானாக ஓட்டும் லைன்கள், சர்க்யூட் போர்டில் பாகம் ஒட்டும் எஸ்எம்டி லைன், உலோகத்தையே அடுக்கடுக்காக அச்சடிக்கும் 3டி பிரிண்டிங், மைக்ரான் கணக்கில் அளக்கும் சிஎம்எம், இவையெல்லாம்தான். இடம் என்று பார்த்தால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் கார், போன், விமான உதிரிபாகம். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ், டிவிஎஸ், அசோக் லேலண்ட், மின்சார ஸ்கூட்டர் கம்பெனிகள். கோயம்புத்தூரில் பம்பு, வார்ப்பு, துல்லிய உதிரிபாகம். திருச்சியில் பெல் நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள். 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடமும் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று இதே ஊர்களைத்தான் முனைகளாக வைத்திருக்கிறது.

வேலூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்கு ஒருவர் மிலிட்டரி என்று சொல்லும் கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள் உள்ள மாவட்டங்கள் இவை. பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. வேலைக்காகச் சென்னை வரை போகவேண்டும் என்ற கட்டாயம் குறைந்துகொண்டு வருகிறது.

என் டிரேடுக்கு உள்ளே என்ன வேலை பொருந்தும்?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்லவேண்டும்.

இஎம்இ வெஹிக்கிள் மெக்கானிக், அதுவும் டி-72, டி-90, பிஎம்பி என்று டிராக் வண்டி பார்த்தவர் என்றால் ஹைட்ராலிக்ஸ், கூலிங், எலக்ட்ரிகல் மூன்றிலும் உங்களுக்குக் கை இருக்கும். ஆலையில் பிரஸ், இன்ஜெக்ஷன் மோல்டிங் மெஷின், சிஎன்சி மெஷினின் ஹைட்ராலிக் பவர் பேக் எல்லாம் அதே பம்பு, அதே வால்வு, அதே சீல்தான். நேராக மெயின்டெனன்ஸ் டெக்னீஷியன் வேலைக்குப் போங்கள். இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று பார்க்கும் கேலிப்ரேஷன் லேப், துல்லிய அளவு எடுக்கும் மெட்ராலஜி. ஆர்மரராக இருந்தவர் ஃபிட்டிங், டூல் ரூம் பக்கம் பார்க்கலாம். வொர்க்ஷாப்பில் லேத், மில்லிங் பார்த்தவருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

விமானப்படைக்காரர்களுக்கு ஒரு தனிப் பலம் இருக்கிறது, பல பேருக்கு அது பலம் என்றே தெரிவதில்லை. வேலை முடிந்ததும் டூல் கிட்டை எண்ணி, ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் விமானத்தை வெளியே விடாமல் தேடிய பழக்கம், ஃபார்ம் 700-இல் செய்ததை எழுதிக் கையெழுத்துப் போட்ட பழக்கம், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் போல்ட்டைத் தொடாத பழக்கம். விமான உதிரிபாகம் செய்யும் கம்பெனிகள் ஏஎஸ் 9100 என்ற தரச்சான்று வைத்திருக்கவேண்டும். அந்த ஆடிட்டில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: யார் செய்தது, எந்தக் கருவியால் செய்தது, அந்தக் கருவி எப்போது கேலிப்ரேட் ஆனது, ஆதாரம் எங்கே. காலேஜிலிருந்து வரும் பையன்களுக்கு இதைப் பழக்கவே பெரும்பாடு. ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், புரொபல்ஷன் ஃபிட்டர், வொர்க்ஷாப் ஃபிட்டர் யாராக இருந்தாலும் குவாலிட்டி, அசெம்பிளி இரண்டும் உங்கள் இடம். சூலூர் பேஸ் ரிப்பேர் டிப்போவில் இருந்தவர்கள் கோவையிலேயே தேடலாம்.

கடற்படை என்றால் ஆர்ட்டிஃபிசர் என்கிற டெக்னிகல் ஆட்கள், எஞ்சின் ரூம் ஆட்கள். கப்பலில் டீசல் ஜெனரேட்டர், கம்ப்ரஸர், ஏசி பிளான்ட், தண்ணீர் சுத்திகரிப்பு எல்லாவற்றையும் நடுக்கடலில் உதிரிபாகம் இல்லாமல் ஓட்டியிருப்பீர்கள். ஆலையில் இதற்கு யுட்டிலிட்டி மெயின்டெனன்ஸ் என்று பெயர், நல்ல ஆள் கிடைக்காத பிரிவு. சிக்னல்ஸ், ரேடார் ஆட்கள் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் டெஸ்டிங், ரீவொர்க், எஸ்எம்டி லைன் மெயின்டெனன்ஸ் பாருங்கள். எம்இஜி, அதாவது மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் தம்பிகளில் வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் என்று டிரேடு இருந்தவர்களுக்கு வழி நேராகவே இருக்கிறது. ஏஓசி, ஏஎஸ்சி ஸ்டோர் ஆட்கள் சரக்கு, கணக்கு எல்லாம் பார்க்கும் ஈஆர்பி சாஃப்ட்வேர் கொஞ்சம் பழகினால் போதும், கணக்கு டேலி ஆகவேண்டும் என்ற பயம் உங்களுக்கு ரத்தத்திலேயே ஊறியிருக்கும்.

நான் இன்ஃபண்ட்ரி. டெக்னிகலாக எதுவும் தெரியாது.

தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு ஆரம்பிப்பதே நல்லது, ஏனென்றால் "டிசிப்ளின் இருக்கிறது, லீடர்ஷிப் இருக்கிறது" என்று மட்டும் எழுதிக்கொண்டு வருகிறவர்களை எச்ஆர் நேராகச் செக்யூரிட்டி பக்கம்தான் அனுப்புகிறது. உங்களுக்கு மூன்று வாசல் உண்டு. ஒன்று, ஃபோர்க்லிஃப்ட், வேர்ஹவுஸ், லைனுக்குப் பொருள் கொண்டுபோகும் பிரிவு. இரண்டாவது சேஃப்டி, ஆனால் சட்டப்படி சேஃப்டி ஆபீசர் ஆக இன்ஜினியரிங் டிகிரி, டிப்ளமோ போன்ற தகுதி இருந்து, அதற்கு மேல் இண்டஸ்ட்ரியல் சேஃப்டி டிப்ளமோவும் வேண்டும். அது இல்லாமல் சேஃப்டி சூப்பர்வைசர், ஃபயர் டீம் அளவில் நுழையலாம். மூன்றாவது, ஒரு திறமையை முறைப்படி கற்றுக்கொண்டு புதிதாகத் தொடங்குவது. 36, 37 வயதில் வெல்டிங் கற்றுக்கொண்டு நல்ல வெல்டர் ஆனவர்களைப் பார்த்திருக்கிறேன். மோர்ட்டார் (குண்டு வீசும் சிறு பீரங்கி) பிளாட்டூனில் ஃபயரிங் டேட்டா கணக்குப் போட்டவர் என்றால் அளவுக் கருவி, டிராயிங் எல்லாம் பயமுறுத்தாது.

எல்லோரும் சிஎன்சி கோர்ஸ் படி என்கிறார்கள். படிக்கலாமா?

படிக்கலாம், ஆனால் எதற்கு என்று தெரிந்து படியுங்கள். சிஎன்சி வேலையில் மூன்று படி இருக்கிறது. ஆபரேட்டர் பாகத்தை மாட்டி, பட்டனை அழுத்தி, எடுத்து அளப்பவர். செட்டர் டூல் மாற்றி, ஆஃப்செட் போட்டு, முதல் பாகத்தை அளவுக்குக் கொண்டுவருபவர். புரோகிராமர் டிராயிங்கைப் பார்த்து புரோகிராம் எழுதுபவர். மூன்று மாதக் கோர்ஸ் முடித்தவரை ஆபரேட்டராகத்தான் எடுப்பார்கள், அந்த வேலைக்கு 20 வயதுப் பையன் வரிசையில் நிற்கிறான், அவனுக்கு 12 மணி நேரம் நிற்க முட்டியும் ஒத்துழைக்கும். அங்கே போய் அவனோடு போட்டி போடுவது புத்திசாலித்தனம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

மெயின்டெனன்ஸ், குவாலிட்டி, என்டிடி இந்த மூன்றிலும் வயதும் நிதானமும் கூடுதல் மதிப்பு. என்டிடி என்றால் பாகத்தை உடைக்காமல் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது: டை பெனட்ரன்ட், மேக்னடிக் பார்ட்டிக்கிள், அல்ட்ராசோனிக், ரேடியோகிராஃபி. லெவல் 2 சர்டிபிகேட் இருந்தால் திருச்சி, ராணிப்பேட்டை ஃபேப்ரிகேஷன் கம்பெனிகளிலிருந்து வளைகுடா நாடுகள் வரை கேட்கிறார்கள். எலக்ட்ரிகல் பின்னணி இருப்பவர்கள் சிஎன்சியை விட பிஎல்சி படிப்பது மேல்.

எங்கே படிப்பது, யார் பணம் கட்டுவார்கள்?

சர்வீஸில் இருக்கும்போதே படித்துவிடுங்கள், இதை எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் போதாது. ஓய்வுக்கு முந்தைய கட்டத்தில் டிஜிஆர் மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்புகிறது. நாயப் சுபேதார், சுபேதார் போன்ற ஜேசிஓக்களுக்கும் அதற்குக் கீழே உள்ள ரேங்குகளுக்கும் கட்டணம் முழுவதையும் அதுவே கட்டுகிறது, அதிகாரிகளுக்கு 60 சதவீதம். சம்பளத்தோடு, டியூட்டி கணக்கில் படிக்கும் வாய்ப்பு வாழ்க்கையில் திரும்ப வராது. ஆனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? ஊருக்குப் பக்கத்தில் எந்தக் கோர்ஸ் இருக்கிறதோ, எதில் தினமும் போகவேண்டியதில்லையோ அதை எழுதிக் கொடுத்துவிட்டு வீடு கட்டும் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். வீடு கட்டி முடித்த பிறகு என்னிடம் போன் வருகிறது.

வெளியே வந்தபிறகு என்றால் திருச்சி பெல் வளாகத்தில் 1975-லிருந்து இயங்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வெல்டிங்குக்கும் என்டிடிக்கும் பெயர் பெற்றது. கிண்டியில் தேசிய திறன் பயிற்சி நிறுவனமும், டூல் டிசைன் சொல்லிக்கொடுக்கும் சிஐடிடி மையமும், பிளாஸ்டிக் துறைக்கு சிப்பெட்டும் இருக்கின்றன. தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ 2022-இல் தொடங்கிய டான்சாம், டான்கேம் மையங்கள் சீமென்ஸ், டசால்ட் சிஸ்டம்ஸ் கம்பெனிகளோடு சேர்ந்து நடத்தப்படுபவை, ஆட்டோமேஷன், டிசைன் பக்கம் போகிறவர்கள் விசாரிக்கலாம். மாநிலத்தின் 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து புது மெஷின்களோடு மேம்படுத்தியிருக்கிறார்கள். உங்கள் ஊர் ஐடிஐயை 20 வருடத்துக்கு முன் பார்த்த ஞாபகத்தில் எடைபோடாதீர்கள், ஒரு நடை போய்ப் பாருங்கள்.

தெருவோரத்தில் "100 சதவீதம் வேலை உறுதி" என்று போர்டு வைத்திருக்கும் இடங்களில் பணம் கட்டும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: மெஷின் எங்கே? சிமுலேட்டர் சாஃப்ட்வேரைக் காட்டினால் திரும்பி வந்துவிடுங்கள்.

15 வருட சர்வீஸுக்கு டிகிரிக்குச் சமம் என்று சர்டிபிகேட் கொடுத்தார்கள். கம்பெனிகள் ஏற்குமா?

தனியார் கம்பெனி ஏற்காது. பத்தாம் வகுப்பு முடித்து 15 வருடம் சர்வீஸ் செய்தவரைப் பட்டதாரிக்கு இணையாகக் கருதுவது அரசின் குரூப் சி வேலைகளுக்காக வந்த ஏற்பாடு, அதிலும் தொழில்நுட்பத் தகுதி கேட்கும் வேலைக்குச் செல்லாது. ஃபேக்டரி இன்டர்வியூவில் அதை முதலில் நீட்டினால் எதிரே இருப்பவர் குழம்பிப்போவார். டிரேடு சான்றிதழை மேலே வையுங்கள். சர்வீஸ் டிரேடு எந்த சிவில் டிரேடுக்குச் சமம் என்ற பட்டியல் டிஜிஆரிடம் இருக்கிறது, அதில் உங்கள் டிரேடுக்கு எதிரே உள்ள சிவில் பெயரை ரெஸ்யூமேயின் தலைப்பிலேயே போடுங்கள்.

ரெஸ்யூமே எப்படி எழுதுவது?

ரேங்க், யூனிட், போஸ்டிங் வரிசை, கிடைத்த மெடல்கள் என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. "ஹவில்தார், ஃபீல்டு வொர்க்ஷாப்" என்பதை "12 பேர் கொண்ட பராமரிப்புக் குழுவின் பொறுப்பாளர், கனரக வாகன எஞ்சின், கியர் பாக்ஸ், ஹைட்ராலிக் பழுது நீக்கம்" என்று எழுதுங்கள். எத்தனை பேர் உங்களுக்குக் கீழே இருந்தார்கள், எந்த வகை மெஷின், எந்த அளவுக் கருவி, யாருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள், இதுதான் வேண்டும். வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜ், மல்டிமீட்டர், ஆசிலோஸ்கோப் என்று தொட்ட கருவிகளின் பெயரை எழுதுங்கள், எச்ஆரின் தேடலில் சிக்குவது அவைதான். நாம் தினமும் செய்த வேலைக்கே ஆலையில் வேறு பெயர் இருக்கும். காலை மெயின்டெனன்ஸ் பரேடு அங்கே பிரிவென்டிவ் மெயின்டெனன்ஸ், கிட் லே-அவுட் அங்கே 5எஸ், அதாவது எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைப்பது.

ஒரு எச்சரிக்கை. யூனிட்டின் இருப்பிடம், ஆயுதங்களின் எண்ணிக்கை, ரேடார் விவரம், வொர்க்ஷாப் போட்டோ எதையும் ரெஸ்யூமேயில் போடாதீர்கள், வேலை தேடும் தளங்களிலும் ஏற்றாதீர்கள். பென்ஷன் வந்தாலும் ரகசியக் காப்புச் சட்டம் விடாது. அப்புறம், ரிக்ரூட்டர் என்று சொல்லிக்கொண்டு சம்பந்தமே இல்லாமல் யூனிட் விவரம் துருவுகிறவரிடம் ஜாக்கிரதை.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

கடைசியாக வாங்கிய சம்பளத்தோடு ஒப்பிட்டால் முதல் ஆஃபர் மனதைக் குத்தும். ஆனால் பென்ஷன் தனியாக வருகிறது, தனியார் வேலைக்குப் போனால் அது நிற்காது, இரண்டையும் கூட்டிப் பாருங்கள். முதல் வருடம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சரியான பிரிவில் நுழைவதுதான் முக்கியம், கேட்டிலிருந்து ஷாப் ஃப்ளோருக்குப் பிறகு மாறிக்கொள்ளலாம் என்று நினைத்துப் போனவர்கள் பெரும்பாலும் கேட்டிலேயே நின்றுவிட்டார்கள்.

"உங்களுக்குத்தான் பென்ஷன் வருகிறதே" என்று சொல்லி எச்ஆர் சம்பளத்தைக் குறைக்கப் பார்க்கும். பென்ஷன் நீங்கள் ஏற்கெனவே செய்த வேலைக்கானது, இந்த வேலைக்கான கூலியோடு அதற்குச் சம்பந்தமில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். கம்பெனியின் நேரடி ரோலா, மேன்பவர் ஏஜென்சியின் கான்ட்ராக்ட்டா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள், நம் ஆட்கள் பலர் ஐடி கார்டு கைக்கு வந்தபிறகுதான் அதைப் பார்க்கிறார்கள்.

25 வயதுப் பையன் என்னை வேலை வாங்குவான். தாங்க முடியுமா?

சிலரால் முடிவதில்லை. நாயப் சுபேதாராக இருந்துவிட்டு, டிப்ளமோ முடித்த பையன் "என்ன அண்ணா, லைன் ஏன் நிற்குது" என்று கேட்டால் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் இதே நிலைமையில் நாம் இருந்திருக்கிறோம். அகாடமியிலிருந்து புதிதாக வந்த லெஃப்டினன்ட் சாபை யார் பழக்கினார்கள்? அங்கே எப்படி மரியாதையோடு பேசி நமக்குத் தெரிந்ததை அவர் முடிவாக மாற்றினோமோ அதையே இங்கேயும் செய்யலாம். கஷ்டமாக இருக்கப்போவது வேறொன்று. ஆலையில் ஆர்டர் போட்டால் வேலை நடக்காது. கீழே இருப்பவன் எதிர்த்துப் பேசுவான், லீவு சொல்லாமல் நிற்பான், யூனியனுக்குப் போவான், நாளைக்கே பக்கத்துக் கம்பெனிக்குத் தாவிவிடுவான். கத்தினால் எச்ஆர் உங்களைத்தான் கூப்பிடும்.

எனக்கு ஆங்கிலம் சுமார், ஹிந்தி நன்றாக வரும். பிரயோஜனம் உண்டா?

நிறையவே உண்டு. ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோவை ஆலைகளில் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா பையன்கள் ஏராளம். மேலே மேனேஜர் தமிழ், கீழே ஆபரேட்டர் ஹிந்தி, நடுவில் இரண்டும் பேசும் சூப்பர்வைசர் கிடைக்காமல் தவிக்கிறார்கள். தமிழ்நாட்டு மிலிட்டரிக்காரருக்கு இது சும்மா வந்த சொத்து. ரெஸ்யூமேயில் மொழிகள் என்று கடைசியில் போடாமல் மேலே கொண்டுவாருங்கள். ஆங்கிலத்தில் டிராயிங்கையும் மெஷின் அலாரத்தையும் படித்தால் போதும், மெயில் எழுதப் பிறகு பழகிக்கொள்ளலாம்.

ஆவடி, திருச்சி தொழிற்சாலைகளில் நமக்கு இடஒதுக்கீடு இருக்கிறதே, அதற்குக் காத்திருக்கலாமா?

விண்ணப்பியுங்கள், ஆனால் காத்திருக்காதீர்கள். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் குரூப் சி-யில் 14.5 சதவீதமும் குரூப் டி-யில் 24.5 சதவீதமும் முன்னாள் வீரர்களுக்கு என்று விதி இருக்கிறது, வயதில் சர்வீஸ் காலத்தைக் கழித்து மேலும் 3 வருடம் சலுகையும் உண்டு. 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு 7 கம்பெனிகளாகப் பிரிந்தது, ஆவடி டாங்கித் தொழிற்சாலை அவற்றில் ஒன்றான ஏவிஎன்எல் கீழே வந்தது. ஆனால் அறிவிப்பு எப்போது வரும், ஐடிஐ சான்று கேட்பார்களா என்பதெல்லாம் நம் கையில் இல்லை. ஒரு வருடம் சும்மா இருந்தால் கை மறந்துவிடும். வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், நாம் சைனிக் போர்டு என்று சொல்வதில், வேலைவாய்ப்புக்காகவும் பதிவு செய்துவிடுங்கள், பல பேர் அடையாள அட்டை வாங்கியதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

என் தம்பி அக்னிவீர். அவனுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பாதி பொருந்தாது. 2022 ஜூனில் அறிவித்த திட்டத்தில் நாலு வருடம்தான் சர்வீஸ், 25 சதவீதம் பேர் வரை தொடரலாம், மற்றவர்கள் சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வெளியே வருவார்கள். பென்ஷன் இல்லை, இசிஎச்எஸ் மருத்துவம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் இல்லை, ஆகவே மேலே சொன்ன ஒதுக்கீடு கிடையாது. அவர்களுக்கென்று பாதுகாப்பு அமைச்சக வேலைகளிலும் துணை ராணுவத்திலும் தனியாக 10 சதவீதம் அறிவித்தார்கள். முதல் அணி 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போனது, நாலு வருடத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஃபேக்டரி கண்ணுக்கு அவன் நம்மை விடப் பொருத்தமான ஆள்: 22, 23 வயது, உடம்பு தயார், கற்றுக்கொள்ளும் வயது. பத்தாவது மட்டும் முடித்துப் போனவர்களுக்கு என்ஐஓஎஸ் என்ற தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பன்னிரண்டாம் வகுப்புச் சான்று பெற வழி இருக்கிறது, இக்னோ பட்டப்படிப்பில் தேவையான கிரெடிட்டில் பாதியைச் சர்வீஸ் பயிற்சிக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டையும் உள்ளே இருக்கும்போதே முடிக்கச் சொல்லுங்கள். வெளியே வந்ததும் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர முடியுமா என்று பாருங்கள். பைக் வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காயத்தால் லோ மெடிக்கல் கேட்டகரியில் வெளியே வந்தவன். எனக்கு?

உட்கார்ந்து செய்யும் வேலைகள் இந்தத் துறையில் நிறைய: சிஎம்எம் இன்ஸ்பெக்ஷன், கம்ப்யூட்டரில் டிராயிங் போடும் சிஏடி (CAD) டிசைன், சிஎன்சி புரோகிராமிங், எலக்ட்ரானிக் போர்டு ரீவொர்க். 1917-இல் தொடங்கி இப்போது புனே கிர்க்கியில் இயங்கும் குவீன் மேரி டெக்னிகல் இன்ஸ்டிடியூட் மாற்றுத்திறனாளிப் படைவீரர்களுக்காகவே தொழிற்பயிற்சி தருகிறது. பீரங்கிப் படையில் இருந்து காது கொஞ்சம் மந்தமானவர்கள் மருத்துவப் பரிசோதனையில் மறைக்கவேண்டாம், பிரஸ் ஷாப் சத்தத்தில் மீதியும் போய்விடும், அதைச் சொல்லி வேறு பிரிவு கேளுங்கள்.

நானே சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட் போடலாமா?

2024 சுதந்திர தினத்தன்று அறிவித்த "முதல்வரின் காக்கும் கரங்கள்" திட்டம் முன்னாள் வீரர்களுக்கானது, ஒரு கோடி வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். கேட்க நன்றாக இருக்கிறது, திட்டமும் நல்லதுதான். ஆனால் மெஷின் வாங்குவது சுலபம், அதற்கு மாதம் முழுவதும் வேலை பிடிப்பதும், கொடுத்த வேலைக்கு 90 நாள் கழித்து வரும் பணத்துக்குக் காத்திருக்கும்போது கரண்டு பில் கட்டுவதும்தான் கஷ்டம். பென்ஷனில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிய கம்யூட்டேஷன் பணத்தை முழுக்கப் போட்டு விஎம்சி என்ற சிஎன்சி மில்லிங் மெஷின் வாங்கிவிட்டு ஆர்டர் இல்லாமல் துணி போட்டு மூடி வைத்தவர்களைக் கோவை பக்கம் பார்க்கலாம். இரண்டு வருடம் ஒரு யூனிட்டில் சம்பளத்துக்கு இருந்து, யார் யாருக்கு வேலை கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். டிஜிஆர் பெயரைச் சொன்னாலும் சரி, பழைய யூனிட் ஆள் என்றாலும் சரி. ராணுவத்துக்கு ஏடபிள்யூபிஓ, கடற்படைக்கு ஐஎன்பிஏ, விமானப்படைக்கு பிளேஸ்மென்ட் செல் என்று முறையான அமைப்புகள் இருக்கின்றன, அங்கே நேரடியாகப் பதிவு செய்யுங்கள்.

நான் ஒரு கம்பெனி நடத்துகிறேன். இந்த ஆட்களை எப்படிப் பிடிப்பது?

மேலே சொன்ன மூன்று அமைப்புகளுக்கும் உங்கள் மாவட்ட நல அலுவலகத்துக்கும் கடிதம் எழுதுங்கள், டிஜிஆர் தொழில் கூட்டமைப்புகளோடு சேர்ந்து நடத்தும் வேலைவாய்ப்பு முகாமில் ஒரு மேசை போடுங்கள். விளம்பரத்தில் "டிப்ளமோ கட்டாயம்" என்று போடும் முன் யோசியுங்கள். "டிப்ளமோ அல்லது இஎம்இ, விமானப்படை, கடற்படையில் இணையான டிரேடு" என்று ஒரு வரி சேர்த்தால் இதுவரை உங்கள் கண்ணில் படாத ஆட்கள் வருவார்கள். எச்ஆர் கேள்விக்குப் பதிலாக, பழுதான ஒரு சோலனாய்டு வால்வையோ ஒரு டிராயிங்கையோ கையில் கொடுத்து கால் மணி நேரம் பக்கத்தில் நில்லுங்கள், தேறுவாரா என்று தெரிந்துவிடும். ஆள் சேர்ந்த முதல் நாளே உங்கள் ஆலையில் புழங்கும் சுருக்கெழுத்துகளை எல்லாம் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள். நூற்றுக்கணக்கான சுருக்கெழுத்துகளோடு வாழ்ந்தவர் அவர், உங்களுடையதையும் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடுவார்.